முரசும் பந்தலும்

நாமக்கல் மாவட்டத்தின் வடகிழக்கில் மதில்போல் எழுந்து நிற்பது கொல்லிமலை. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியை விட்டுப் புறப்படும் பேருந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் ஏறுகிறது. மேலே சென்றவர் காண்பது கூரிய சிகரம் அன்று; மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் ஒரு நிலப்பரப்பு. மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், பலாவும் வாழையும் அன்னாசியும் நிறைந்த தோட்டங்களும், படிப்படியாக இறங்கும் வயல்களும் அங்கு உண்டு. அந்நிலப்பரப்பு வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை நாடு என வழங்கும் பழந்தமிழ் வழக்கு அங்கு இன்றும் அழியாமல் இருக்கிறது. அந்நாடுகளுள் ஒன்று திருப்புலி நாடு.

அந்நாட்டிலிருந்து பள்ளிக்குச் சென்று பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியைக் கருதுக. பள்ளி ஆண்டு விழா என்றால் அவளே முன் நிற்பாள். விருந்தினர் எங்கே அமர்வது, எந்நேரத்தில் எவர் பேசுவது, மழை வந்தால் சிறுவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்பனவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வாள். மலையைக் காண வரும் வெளியூரார் வழி கேட்டால், கூச்சமின்றித் தெளிவாக விடை கூறுவாள். மேற்படிப்பைப் பற்றி ஆசிரியர் வினவியபோது, மற்ற மாணவியர் ஆசிரியப் பணி என்றும் செவிலியர் பணி என்றும் கூறினர். அவளோ மக்கள் தொடர்புத் துறையையும் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் தொழிலையும் பற்றி அறிய விரும்புவதாகக் கூறினாள்.

இச்செய்தி வீட்டை எட்டுகிறது. தாத்தா அவளை அருகில் அழைக்கிறார். "மிளகை விற்கலாம், பலாவை விற்கலாம். பேச்சை விற்றும் பிழைப்பார்களா, கண்ணு? பந்தல் போடுவதற்கும் ஒரு படிப்பா?" என்று கேட்கிறார்.

அவர் கேள்வியில் கேலி இல்லை, கவலையே இருக்கிறது. மலையில் பிறந்த ஒரு பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது அக்குடும்பத்திற்கு எளிய செயல் அன்று. அந்தச் செலவும் உழைப்பும் வெறும் ஆரவாரத்தில் கரைந்துவிடுமோ என்று ஒரு முதியவர் அஞ்சுவது இயல்பே. அதனால் அக்கேள்வியைத் தள்ளிவிடாமல் ஆராய்ந்து பார்ப்பதே முறை. பேச்சும் பந்தலும் ஒருவர் வாழ்நாளைக் கொடுத்துச் செய்யத்தக்க தொழில்களா? செய்யலாம் எனில், எந்த நெறியில் நின்று செய்தல் வேண்டும்?

பெயர் புதிதாயினும் இத்தொழில்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் தொடக்கத்தில் விழாவறை காதை என்னும் பகுதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா நெருங்குகிறது. வள்ளுவன் யானையின் மேல் முரசை ஏற்றி, நகர மாந்தர்க்கு விழாவை அறிவிக்கிறான். அவன் அறிவிப்பில் விழா நடக்கும் செய்தி மட்டும் இல்லை. வீதிகளிலும் மன்றங்களிலும் நிறைகுடங்களும் விளக்குகளும் வைக்க வேண்டும். வாழையும் கமுகும் கரும்பும் நட வேண்டும். பழைய மணலை அகற்றிப் புதுமணல் பரப்ப வேண்டும். அறம் உரைப்போர் பந்தலில் அமர வேண்டும். வாதம் புரியும் சமயத்தார் பட்டிமண்டபத்தில் முறைப்படி ஏற வேண்டும் என ஒவ்வொன்றாகக் கூறுகிறான். எல்லாவற்றிற்கும் மேலாக, இருபத்தெட்டு நாள் நடக்கும் விழாவில் பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுமாறு வேண்டுகிறான்.

இவ்வறிவிப்பு முழுமையான ஓர் ஏற்பாடாக அமைந்திருக்கிறது. யார் எங்கே இருக்க வேண்டும், தரை எவ்வாறு இருக்க வேண்டும், கூட்டத்தில் அமைதி எவ்வாறு காக்கப்பட வேண்டும் என்பவை அனைத்தும் அதில் அடங்கிவிட்டன. பலர் கூடும் இடத்தில் மணலும் தூய்மையாக இருக்க வேண்டும். மக்கள் மனமும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். முரசு அறைவதும் பந்தல் இடுவதும் வேறு வேறு தொழில்களாகத் தோன்றினும், ஒன்றின் பயன் மற்றொன்றின்றி நிறைவு பெறுவதில்லை. முரசு அழைத்து வந்தவர்களைப் பந்தல் காக்க வேண்டும். பந்தலில் இல்லாததை முரசு சொல்லாதிருக்க வேண்டும்.

சொல்லின் ஆற்றலுக்கும் பழைய சான்று உண்டு. தகடூரை ஆண்ட அதியமானின் சார்பில் ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பட்டு, அங்குள்ள கருவிகள் மின்னின. அதியமானுடைய வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடப்பதாக ஔவையார் கூறினார். புகழ்வதுபோல் தொடங்கிய அச்சொல், போர்ப் பழக்கம் உடையவன் எவன் என்பதைத் தொண்டைமானுக்கு உணர்த்தியது. ஔவையார் பொய் ஒன்றும் சொல்லவில்லை. இரு கொட்டில்களிலும் இருந்ததையே எடுத்துக் காட்டினார். கேட்பவர் மனம் அறிந்து, உண்மையை உரிய இடத்தில் உரிய முறையில் வைத்தார். திருவள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், தூதுக்கு ஓர் அதிகாரம், அவை அறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவரே வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது மறக்கத்தக்கது அன்று.

இன்று மக்கள் தொடர்பு என வழங்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் தனித்துறையாக வளர்ந்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் ஐவி லீ. இதழாளராக இருந்து பின்னர் நிறுவனங்களுக்கு அறிவுரை கூறும் பணியை அவர் மேற்கொண்டார். 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அட்லாண்டிக் நகரத்தின் அருகே புகைவண்டி நிறுவனம் ஒன்றின் மின்தொடர் வண்டி பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்து நேர்ந்தால் அதனை மறைப்பதே நிறுவனங்களின் அக்கால வழக்கம். ஐவி லீ அவ்வழக்கத்தை மாற்றினார். நடந்ததை எழுதி இதழ்களுக்குக் கொடுத்தார். செய்தியாளர்கள் இடத்தை நேரில் காண்பதற்கும் வழி செய்யப்பட்டது. மறைத்தால் ஐயம் வளரும், கூறினால் நம்பிக்கை பிறக்கும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஆனால் அதே மனிதரின் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. 1914ஆம் ஆண்டில் கொலராடோவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, லட்லோ என்னும் இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கூடாரங்கள் தீக்கு இரையாயின. பெண்களும் குழந்தைகளும் உயிரிழந்தனர். அப்போது சுரங்க உரிமையாளர் சார்பில் ஐவி லீ வெளியிட்ட அறிக்கைகளில் தவறான செய்திகள் இடம்பெற்றன. தொழிலாளர் தலைவர்கள் பெற்ற ஊதியம் அவற்றில் பன்மடங்கு மிகைப்படுத்திக் கூறப்பட்டிருந்தது. உண்மை வெளிப்பட்டபோது அவர் பெயருக்கு நீங்காத மாசு ஏற்பட்டது. எழுத்தாளர் அப்டன் சிங்கிளேர் அவரை நச்சுக்கொடிக்கு ஒப்பிட்டு ஓர் இகழ்ப்பெயர் சூட்டினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் உண்மையைத் திறந்து வைத்தவர், பின்னர் உண்மையைத் திரித்தமையால் பழியேற்றார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் படிப்பவர்க்கு இத்தொழிலின் உயர்வும் இழிவும் ஒருங்கே விளங்கும்.

ஆகவே தாத்தாவின் ஐயத்தில் ஒரு பாதி நியாயமானது. பேச்சை மட்டும் விற்பவர் உலகில் உண்டு. உள்ளீடற்ற பண்டத்திற்குப் பொன் உறை இடுவோரும், செய்யாத செயலுக்குப் புகழ் தேடுவோரும், பிழையை மறைப்பதையே திறமை எனக் கருதுவோரும் இத்துறையில் இல்லாமல் இல்லை. கையில் உள்ள அலைபேசி வழியே ஒரு செய்தி நொடிப்பொழுதில் பல்லாயிரவரைச் சென்றடையும் இக்காலத்தில், பொய்யும் அதே வேகத்தில் செல்கிறது. அதனால் இத்தொழிலுக்கு உரிய கட்டுப்பாடு முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகிறது. இந்தியாவில் மக்கள் தொடர்புப் பணியாளர்கள் 1958ஆம் ஆண்டில் தமக்கென ஒரு கழகம் நிறுவினர். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் புதுதில்லியில் கூடிய அனைத்திந்திய மாநாட்டில் ஒழுக்க நெறி ஒன்றை ஏற்றுக்கொண்டனர். அந்நாளே இந்நாட்டில் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. தொழிலைத் தொடங்கிய நாளைக் கொண்டாடாமல், தொழிலுக்கு ஒழுக்கம் வகுத்த நாளைக் கொண்டாடுவது பொருத்தமே.

ஐயத்தின் மற்றொரு பாதி, பந்தல் போடுவதற்குப் படிப்பு எதற்கு என்பது. இதற்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் வரலாறு விடை கூறும். 1997ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், குடமுழுக்கிற்காக அக்கோயிலில் அமைக்கப்பட்டிருந்த கூரை வேய்ந்த வேள்விச்சாலை தீப்பற்றி எரிந்தது. தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். வாணவெடியின் பொறி கூரையில் வீழ்ந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. இறைவனை வழிபட வந்தவர்கள் அவர்கள். ஆயிரம் ஆண்டுகளாகக் கற்கோயில் நிலைத்து நின்றது. சில நாள்களுக்காக அமைத்த பந்தலோ உயிர்களைக் கொண்டு சென்றது.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின், 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், அதே கோயிலில் மீண்டும் குடமுழுக்கு நடைபெற்றது. மக்கள் இலக்கக்கணக்கில் திரண்டனர். விழா இடரின்றி நிறைவேறியது. இடரின்றி நடந்த விழாவைப் பற்றிப் பின்னர் எவரும் பேசுவதில்லை. பந்தலின் கூரை எதனால் ஆனது, வெளியேறும் வழிகள் எத்தனை, தீயணைப்பு வண்டி எவ்வழியாக வரும், கூட்டம் ஓரிடத்தில் நெருங்கினால் அதனை எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே சிந்தித்தவர்கள் எவர் என்பதும் பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் வெற்றி, நடந்தவற்றில் மட்டும் இல்லை. நடவாமற்போன தீங்குகளில்தான் பெரிதும் இருக்கிறது. உயிரைக் காக்கும் அறிவுக்குப் படிப்பு வேண்டாம் என எவரும் கூறமாட்டார்.

முரசும் பந்தலும் ஒன்றுசேர்ந்து உலகின் கண்ணைத் தமிழகத்தின் மீது திருப்பிய நிகழ்ச்சியும் அண்மையில் நடந்தது. 2022ஆம் ஆண்டு உருசியாவில் நடைபெற இருந்த சதுரங்க ஒலிம்பியாடு, உக்ரைன் போரினால் அங்கு நடவாது போயிற்று. மார்ச்சுத் திங்களில் அவ்வாய்ப்பு சென்னைக்குக் கிடைத்தது. சூலை 28 முதல் ஆகசுட்டு 10 வரை மாமல்லபுரத்தில் போட்டிகள் நடைபெற்றன. இடையில் இருந்தது ஏறத்தாழ நான்கரைத் திங்களே. அக்குறுகிய காலத்தில் 186 நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு உறைவிடமும் உணவும் போக்குவரத்தும் ஆடுகளமும் அமைந்தன. அது பந்தலின் வேலை. வேட்டி கட்டிய குதிரைக்குத் தம்பி எனப் பெயரிட்டு ஊரெங்கும் நிறுத்தியதும், சென்னை நேப்பியர் பாலத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டியதும் முரசின் வேலை. கோடி சொற்களால் விளக்க முடியாததை ஒரு பாலம் விளக்கிற்று. வழிப்போக்கர் எல்லாரும் தம் ஊரில் உலக விழா நடப்பதை உணர்ந்தனர். ஆயினும் ஆடுகளம் செம்மையாக அமையாதிருப்பின், பாலத்தின் வண்ணமே நகைப்புக்கு இடமாகியிருக்கும்.

இவ்வளவும் மலையிலிருந்து தொலைவில் நடந்தவை. திருப்புலி நாட்டு மாணவிக்கு இவற்றால் வரும் பயன் யாது? அவள் பிறந்த மலைக்கே முரசும் பந்தலும் வேண்டியிருக்கின்றன என்பதே விடை.

ஆண்டுதோறும் ஆடித் திங்களில், பதினெட்டாம் பெருக்கை ஒட்டி, கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா அரசின் சார்பில் நடைபெறுகிறது. மலர்க் கண்காட்சியும், அரசுத் துறைகளின் அரங்குகளும், கலை நிகழ்ச்சிகளும், வில்வித்தைப் போட்டியும் அவ்விழாவில் இடம்பெறுகின்றன. அந்நாள்களில் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் மக்கள் பெருந்திரளாக வருகின்றனர். மாவட்டந்தோறும் உள்ள செய்தி மக்கள் தொடர்பு அலுவலர்கள் இத்தகைய விழாக்களின் செய்தியை இதழ்களுக்கும் மக்களுக்கும் அளிக்கின்றனர். மாணவி தன் ஊரிலேயே காணத்தக்க தொழிற்கூடம் இவ்விழாவே.

சமவெளியில் விழா எடுப்பதும் மலைமேல் விழா எடுப்பதும் ஒன்றல்ல. எழுபது வளைவுகளில் ஒன்றில் ஒரு வண்டி பழுதாகி நின்றால், பின்னால் வரும் வண்டிகள் அனைத்தும் நிற்கும். நோயுற்றவரை அடிவாரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அதே பாதைதான். மலையில் மழையும் பனிமூட்டமும் முன்னறிவிப்பின்றி வரும். ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் செல்ல வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவது அரிது. முதியோரும் நெஞ்சு நோயுடையோரும் இதனை முன்னரே அறிந்திருந்தால் பல துன்பங்கள் தவிரும். இவற்றை நகரத்திலிருந்து வரும் ஏற்பாட்டாளர் வரைபடத்தைப் பார்த்து அறிய முயல்வார். மலையில் நடந்து வளர்ந்த பெண்ணோ இளமைமுதல் அறிந்திருப்பாள். எந்தத் திட்டில் வண்டி நிறுத்தலாம், எந்த ஓடை ஆடியில் பெருகும், எந்த ஊர்ப் பெரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பன அவளுக்கு எந்த நூலும் கற்பிக்காத கல்வி. அக்கல்வியோடு கல்லூரிக் கல்வியும் சேருமாயின் அவளுக்கு நிகர் அவளே ஆவாள்.

விழா நாள்கள் சில. ஆண்டின் மற்ற நாள்களிலும் மலைக்குச் சொல்ல வேண்டிய செய்தி உண்டு. சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் கொல்லிமலை மக்களின் பழைய உணவு. மரவள்ளி முதலிய பணப்பயிர்கள் பரவியபோது அத்தானியங்கள் விளைந்த நிலம் சுருங்கியது. சிறுதானியத்தை உரலில் குத்தி உமி நீக்கும் கடும் உழைப்பும் பெண்களை அவற்றிலிருந்து விலகச் செய்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து, அவ்விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் பொறிகளை ஊர்களில் நிறுவவும், விளைபொருளை மலையின் பெயராலேயே பொதி செய்து விற்கவும் முயன்றது. பின்னர் ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மலைமக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்ததை உலகம் விழா எடுத்துப் போற்றிற்று.

இங்கு ஒரு வினா எழுகிறது. அவ்விளைபொருளைப் பற்றி உலகுக்குச் சொல்பவர் யார்? விதையைக் காத்தவரின் பேர்த்தி சொல்கிறாளா, விலை பேச வந்த வணிகர் சொல்கிறாரா? மலையைப் பற்றிப் பிறர் சொல்லும் செய்திகளில் வியப்பு மிகுதியாக இருக்கும். உண்மை குறைவாக இருக்கும். அச்சமூட்டும் கதைகளையும் மாய மூலிகைகளையும் கூறிக் கூட்டம் சேர்ப்போர் உண்டு. அவ்வாறு வந்த கூட்டம் அருவிக்கரையில் கண்ணாடிப் புட்டிகளையும் நெகிழிப் பைகளையும் விட்டுச் செல்லும். விருந்தினரை அழைப்பதோடு முரசின் கடமை முடிவதில்லை. விருந்தினர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அது கூற வேண்டும். புதுமணல் பரப்பச் சொன்ன பழைய முரசு, பூசல் கொள்ளாதிருக்கவும் சொல்லிற்று அன்றோ? தன் ஊரைப் பற்றித் தானே உண்மையாகப் பேசத் தெரியாத ஊருக்கு, பிறர் கட்டிய கதையே வரலாறாகிவிடும்.

இத்தொழிலை விரும்புவோர் அதன் அருமையையும் அறிந்திருத்தல் வேண்டும். பிறர் மகிழும் நாளே இவர்கள் உழைக்கும் நாள். விழா நாள்களில் உறக்கமும் உணவும் நேரத்தில் கிட்டா. பிறர் செய்த பிழைக்கும் இவர்களே முன்வந்து விடை கூற நேரும். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது விழாக்கள் நின்றன. ஏற்பாட்டாளர்களோடு பந்தல் அமைப்போரும் ஒலிபெருக்கி வைப்போரும் நாட்டுப்புறக் கலைஞர்களும் வருவாய் இழந்தனர். மக்கள் கூடினால் மட்டுமே வாழும் தொழில், மக்கள் பிரிந்தால் வாடும். ஆதலால் இத்துறையில் புகுபவர் ஒரு கைத்திறனோடு நின்றுவிடாமல், எழுதுதல், மொழிபெயர்த்தல், கணக்கு வைத்தல் முதலிய வேறு திறன்களையும் உடன் வளர்த்துக்கொள்வது நலம்.

கற்க வேண்டுவன பல உண்டு. இதழியல், காட்சித் தொடர்பியல், சுற்றுலா, வணிக நிர்வாகம் முதலிய பட்டப்படிப்புகளில் எதன் வழியாகவும் இத்துறைக்கு வரலாம். 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம், பள்ளியிலும் கல்லூரியிலும் மாணவர்க்குத் தொழில்வழி காட்டுகிறது. தமிழில் பிழையின்றி எழுதவும் ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசவும் பழகுதல் வேண்டும். வரவு செலவைத் திட்டமிடவும், காவல்துறை, தீயணைப்புத் துறை, உள்ளாட்சி ஆகியவற்றின் இசைவைப் பெறும் முறைகளை அறியவும், முதலுதவி செய்யவும் கற்றல் வேண்டும். குடிநீர் எவ்வளவு, கழிப்பறை எத்தனை, குப்பை எங்கே செல்லும் என்னும் கேள்விகளைக் கேட்க நாணுபவர் இத்தொழிலுக்கு ஆகார். இவை எவற்றினும் முதன்மையானது பிறர் கூறுவதைக் கேட்கும் பழக்கம். மக்கள் தொடர்பு என்பது இருவழிப் பாதை. நிறுவனத்தின் செய்தியை மக்களுக்குக் கூறுவது அதன் ஒரு பகுதி. மக்களின் குறையை நிறுவனத்தின் காதில் ஓதுவது மறுபகுதி. முன்னதை மட்டும் செய்பவர் விளம்பரக்காரர். இரண்டையும் செய்பவரே மக்கள் தொடர்பாளர்.

பள்ளிப் பருவத்திலேயே இப்பயிற்சியைத் தொடங்கலாம். ஆண்டு விழா முடிந்த மறுநாள், எது செம்மையாக நடந்தது, எது தவறியது என்று அம்மாணவி தன் தாளில் எழுதி வைக்கட்டும். சோளக்காட்டுச் சந்தையில் விளைபொருள் விற்கும் பெண்களிடம் அவர்கள் தேவை யாது எனக் கேட்டு அறியட்டும். ஓரி விழாவுக்குச் செல்லும்போது மேடையை மட்டும் பாராமல், மேடைக்குப் பின்னால் ஓடியாடி உழைப்பவர்களையும் பார்க்கட்டும். அவர்கள் முகத்தில் உள்ள களைப்பையும் நிறைவையும் கண்ட பின்னும் அவள் விருப்பம் மாறாதிருந்தால், அது அவளுக்கு உரிய தொழிலே.

இறுதியில் தாத்தாவின் கேள்விக்கு விடை கூற வேண்டும். அவ்விடையை அவர் வாழும் மலையே வைத்திருக்கிறது. கொல்லிமலைத் தலைவன் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய செய்தி புறநானூற்றில் உள்ளது. காட்டில் ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் கண்டது. இன்னான் என அறியாமலே அவன்முன் இசைத்துப் பாடியது. பாட்டின் இடையே தலைவனுக்கு உரிய பெயர் வந்தபோது, அது தன் பெயராதலால் அவன் நாணினான். தான் வேட்டையாடிய ஊனையும், மலையில் பிறந்த பொன்னையும் அவர்களுக்கு வாரி வழங்கினான்.  பெயர் கேட்டு நாணியவனுக்கே இன்று அம்மலையில் ஆண்டுதோறும் விழா நடைபெறுகிறது.

ஓரி புகழைத் தேடி ஓடவில்லை, கொடுத்தான். அதனைக் கண்ட புலவர் உள்ளவாறு பாடினார். ஈகை முன் வந்தது; பாட்டு பின் வந்தது. அவ்வரிசை மாறாதிருக்கும்வரை பேச்சு விற்பனைப் பண்டம் ஆகாது. நற்செயல் ஒன்று காட்டில் நடந்து காட்டிலேயே மறைந்துபோகாமல் காப்பதும் ஒரு தொண்டே ஆகும். வன்பரணர் பாடாதிருந்தால் ஓரியின் பெயர் இன்று செம்மேட்டில் ஒலிக்குமோ?

ஆகவே அந்த மாணவி தாத்தாவிடம் அஞ்சாமல் கூறலாம். பேச்சை விற்கப் போவதில்லை. உள்ளதை உள்ளவாறு ஊருக்குச் சொல்லப் போகிறாள். பந்தலுக்குக் கால் நடுவது மட்டும் அவள் வேலை அன்று. அதன்கீழ் வந்து கூடும் ஒவ்வொருவரும் நலமாக வீடு திரும்புவதற்குப் பொறுப்பேற்கப் போகிறாள். எழுபது வளைவுகளில் இறங்கிக் கல்லூரிக்குச் செல்பவள், கற்றதைக் கொண்டு அவ்வளைவுகளில் மீண்டும் ஏறி வருவாளாயின், அவள் படிப்புக்குச் செய்த செலவு வீண் ஆகாது. மலையும் தன் குரலைத் தானே பெறும்.